கேம் இலவசம்தானே, அப்புறம் என்ன எரிச்சல்?

கேள்வி: 2025 பிப்ரவரி 9, மாலை 6.10

மூன்று நாளாகப் பார்க்கிறேன், இந்த மன்றத்தில் கேமின் புது சீசன் விலையைப் பற்றி ஒரே புலம்பல். கேம் இலவசம். ஸ்கின் (ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடும் அலங்காரத் தோற்றம்) வாங்கு என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சர்வர் செலவும் ஆள் சம்பளமும் வானத்திலிருந்து கொட்டுமா? பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகலாமே. வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறேன்: இதில் உங்களுக்கு எரிவது எது?

பதில்: பிப்ரவரி 9, இரவு 10.45

விலை எனக்கு எரியவில்லை. பை எரிகிறது.

நான்கு வருடமாக ஒரே கேமை ஆடுகிறேன். முதல் சீசனில், கிடைத்த பொருளைப் போட்டு வைக்கும் பையில் 40 இடம். கிடைக்கும் பொருள் பத்துப் பன்னிரண்டு வகை, தாராளமாகப் போதும். அப்புறம் சீசனுக்குச் சீசன் புதுத் தாது, புது மூலிகை, சாவி, உடைந்த சாவி, உடைந்த சாவியை ஒட்டவைக்கும் பசை. பை மட்டும் அதே 40. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிக் குப்பை கொட்ட வேண்டும். இந்த சீசனில் கடையில் ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறது: பை விரிவாக்கம், 10 இடம்.

பாதையில் முள்ளைப் போட்டதும் அவர்கள், பாதை முடிவில் செருப்புக் கடை வைத்திருப்பதும் அவர்கள். செருப்பு மலிவாச்சே என்கிறீர்கள். மலிவுதான், நானும் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 10, காலை 7.30

கழுத்தில் கத்தி இல்லை, சரி. கடைக்குள் போனதும் வரும் அந்தத் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 'வாங்கு' மஞ்சள் நிறத்தில், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில், லேசாக மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. மூடும் பெருக்கல் குறி வலது மேல் மூலையில், பின்னணிச் சாம்பலை விட ஒரு பிடி கூடுதல் சாம்பலில். அதுவும் உடனே வராது. மூன்று விநாடி கழித்துத்தான் முளைக்கும். அந்த மூன்று விநாடிக்கு என்ன தொழில்நுட்பக் காரணம் இருக்க முடியும்?

இது என் மனப்பிரமை என்று நினைத்தால், ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட சமரசத்தைத் தேடிப் பாருங்கள். 24.5 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆணையத்தின் குற்றச்சாட்டே பட்டன் பற்றியதுதான்: ஒரே அழுத்தில் காசு போய்விடுகிறது, கேமைத் தூக்கத்திலிருந்து எழுப்ப அழுத்தினாலும் போய்விடுகிறது, ரத்து செய்யும் வழி கண்ணில் படுவதில்லை.

பிப்ரவரி 10, இரவு 9.20

கீழே ஒருவர் 'எல்லாம் அந்தக் குதிரைக் கவசத்தில் ஆரம்பித்தது' என்று எழுதியிருக்கிறார். சிறுசுகளுக்காகச் சொல்கிறேன்: 2006 ஏப்ரல், ஆப்லிவியன் கேம். குதிரைக்குப் போடும் கவசத்தை 2.5 டாலருக்குத் தனியாக விற்றார்கள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு வருடம் எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால் அந்த வியாபாரத்தின் நேர்மைக்குக் கும்பிடு போடலாம். கவசம் வேண்டுமா, விலை இவ்வளவு, காசைக் கொடு, கவசத்தை எடு. பணத்தில் விலை. குலுக்கல் இல்லை, காலக்கெடு இல்லை, 'இன்னும் 3 மணி 12 நிமிடம் மட்டுமே' இல்லை. குதிரை இன்றைக்கும் கவசத்தோடு நிற்கிறது.

பிப்ரவரி 11, காலை 8.05

திருத்தம். 'பணத்தில் விலை' என்று நேற்று எழுதியது பாதிதான் சரி. எக்ஸ்பாக்ஸில் அந்தக் கவசத்துக்கு 200 மைக்ரோசாஃப்ட் பாயின்ட் என்றுதான் போட்டிருந்தார்கள். 80 பாயின்ட் ஒரு டாலர். ஆக, காசை வேறு பெயரில் மாற்றிக் கையில் கொடுக்கும் வித்தை அப்போதே இருந்திருக்கிறது, நான்தான் மறந்துவிட்டேன். கும்பிட்டதை வாபஸ் வாங்கவில்லை, கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, இரவு 11.50

வில் கதையைச் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒரு வில் வந்தது. நாணை இழுத்தால் மழைச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், வேறு சக்தி எதுவும் இல்லை. காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டியில்தான் கிடைக்கும், பெட்டிக்கு 1 சதவீத வாய்ப்பு என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. 1 சதவீதம் என்றால் நூறு பெட்டிக்குள் எப்படியும் விழுந்துவிடும் என்று நான் நம்பினேன். பள்ளியில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மைக் கணக்கு இப்படி: 100 பேர் ஆளுக்கு 100 பெட்டி திறந்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆளுக்கு 300 திறந்தாலும் 5 பேருக்குக் கிடைத்திருக்காது. பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது, நீங்கள் நேற்று எத்தனை திறந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. எனக்கு வில் விழுந்தது 131ஆவது பெட்டியில். 'எவ்வளவு துரதிர்ஷ்டம்!' என்று கில்டில் (கூடி ஆடும் எங்கள் குழுவில்) எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். 130 பெட்டி வெறுமையாகப் போவது நூற்றில் 27 பேருக்கு நடக்கும். அதாவது நான் துரதிர்ஷ்டசாலி இல்லை, சராசரி ஆள்.

இந்தக் கணக்கு முதலாளிகளுக்கும் தெரியும் என்பதால்தான் சில 'கச்சா' கேம்களில் (குலுக்கலில் கதாபாத்திரம் விற்பவை) இத்தனை முறைக்குள் கட்டாயம் கிடைக்கும் என்று உச்சவரம்பு வைத்தார்கள். வைத்ததும் சும்மா இல்லை. 2016 ஜனவரியில் ஜப்பானில் கிரான்ப்ளூ ஃபேன்டஸி ஆடிய ஒருவர் ஒரே ஒரு கதாபாத்திரத்துக்காகக் கிட்டத்தட்ட 7 லட்சம் யென் கொட்டினார், நேரலையில், ஊர் பார்க்க. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகுதான் 300 முறை இழுத்தால் (குலுக்கினால்) வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி அந்த கேமுக்கு வந்தது. கென்ஷின் இம்பாக்ட் 2020இல் வரும்போதே வரம்போடு வந்தது: மிக அரிதான ஐந்து நட்சத்திர ரகத்துக்கு 0.6 சதவீதம், 90ஆவது இழுப்பில் உறுதி.

பிப்ரவரி 14, மதியம் 1.15

கென்ஷின் ஆட்கள் நான்கு பேர் தனித்தனியாக வந்து குட்டிவிட்டார்கள். 90ஆவது இழுப்பில் உறுதி என்பது 'ஏதோ ஒரு' ஐந்து நட்சத்திரம். குலுக்கல் விளம்பரமான பேனரில் படம் போட்டிருப்பவர்தான் வருவார் என்று இல்லை. அது நழுவினால் அடுத்ததில்தான் உறுதி, ஆக மோசமான கணக்கில் 180. இதை மூன்று வரியில் எழுதும் எனக்கே ஒருமுறை தவறிவிட்டது. ஆடுபவன் எழுதி வைத்துக்கொள்ளாமல் புரிந்துகொள்ள முடியாத விலைப்பட்டியல் வேறு எந்தக் கடையில் இருக்கிறது?

பிப்ரவரி 16, இரவு 12.30

தூக்கம் வரவில்லை, பெட்டி திறக்கும் காட்சியைப் பற்றி எழுதுகிறேன்.

பெட்டி முதலில் அசையாமல் இருக்கும். தொட்டதும் ஒரு குலுக்கு. இடுக்கு வழியாக நீல வெளிச்சம். இரண்டாவது குலுக்கில் நீலம் ஊதாவாகும். இந்த இடத்தில் முதுகு நிமிரும். மூன்றாவது குலுக்கில் ஓரத்தில் தங்க நிறம் ஒரு கணம் எட்டிப்பார்க்கும், பின்வாங்கும், மறுபடி எட்டிப்பார்க்கும். பிறகு ஊதாவிலேயே நின்று, மூடி திறந்து, பசை. உடைந்த சாவியை ஒட்டவைக்கும் பசை.

விரலை வைத்தபோதே சர்வரில் முடிவு ஆகிவிட்டது. அந்தத் தங்க நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை. 'மயிரிழையில் தவறிவிட்டது' என்று என்னை நினைக்க வைக்க, யாரோ ஒரு நல்ல ஓவியர் உட்கார்ந்து வரைந்தது அது. கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமின் பெட்டியில் வரிசையாக ஓடும் துப்பாக்கிகளும் இதே ரகம்: அரிய பரிசான கத்திக்குப் பக்கத்தில் வந்து சோம்பலாக நகர்ந்து போகும். 2017இல் சீனா வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொன்னபோதுதான் கத்திக்கு 0.26 சதவீதம் என்று வெளியே தெரிந்தது. ஏறக்குறைய 385க்கு ஒன்று. அந்த ஓட்டத்தைப் பார்த்தால் ஐந்துக்கு ஒன்று போலத் தோன்றும்.

அந்த ஓவியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை அருமை.

பிப்ரவரி 22, மாலை 4.40

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, 'இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள்?' என்கிறார். நியாயமான கேள்வி. நானே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கேள்வி.

இன்று மத்தியானம் மெயிலில் தேடினேன். முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில் 61 ரசீது. தொகையை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு புது கன்சோலும் அதோடு மூன்று முழு கேமும் வாங்கியிருக்கலாம், அவ்வளவு. ஒரே நேரத்தில் அந்தத் தொகையைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன். கன்சோல் வாங்க ஒரு மாதம் யோசிப்பேன், நாலு பேரிடம் விசாரிப்பேன். இந்த 61இல் எதற்கும் பத்து நிமிடத்துக்கு மேல் யோசித்த நினைவில்லை.

நேரத்தைப் பார்த்தபோது இன்னும் சங்கடம். 44 ரசீது இரவு 11 மணிக்குப் பிறகு.

பிப்ரவரி 23, காலை 10.00

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் என்னைப் பாவம் ஆக்கிவிடாதீர்கள், மறுபக்கமும் இருக்கிறது.

அந்த முதல் இரண்டு வருடம் நான் ஆடியது யார் காசில்? வேறு யாரோ 61 ரசீது வாங்கியதால்தான். 2019 ஆகஸ்டில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற கேமில் ஒரு கோடரிக்காக நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் அந்தக் கோடரி சுமார் 170 டாலர் வந்தது. வாக்குவாதம் முற்றியதில் தயாரிப்புக் குழு ஆள் ஒருவர், காசு கட்டாமல் ஆடுபவர்களை ஓசி ஆட்கள் என்று சொல்லும் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். தலைமை மன்னிப்புக் கேட்டது. எனக்கு அந்த வார்த்தை சுட்டது, ஏனென்றால் பொய்யில்லை. நான் ஓசியில்தான் ஆடினேன்.

ஆனால் ஓசி ஆள் இல்லாவிட்டால் காசு கட்டியவர் யாரை எதிர்த்து ஆடுவார்? புது ஸ்கின்னை யாரிடம் காட்டுவார்? காலி மைதானத்தில் மழைச் சத்தம் போடும் வில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட்டமாக நிற்பதும் ஒரு வேலைதான், நாங்கள் அதைச் சம்பளம் இல்லாமல் பார்த்தோம்.

எங்கள் கில்டில் ஒரு திமிங்கிலம் (காசை அள்ளிக் கொட்டும் ஆளுக்குக் கேம் உலகத்துப் பெயர்) இருந்தார். அவர் செலவு என்னுடையதைப் போலப் பல மடங்கு. கை தாராளம், எங்கள் எல்லாரையும் அவர்தான் முதுகில் சுமந்துகொண்டு போவார். போன அக்டோபரில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கேமை விட்டுவிட்டார். கேட்டபோது சொன்னது: 'இரண்டு மாதம் காசு போட்டு என் வாளின் சக்தியை 900க்கு ஏற்றினேன். அடுத்த சீசனில் சும்மா தரையில் கிடக்கும் வாள் 950.' இலவச ஆளை விடக் காசு கட்டிய ஆள்தான் அதிகம் ஏமாந்தார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 1, இரவு 9.10

61 என்பது தப்பு. கிஃப்ட் கார்டில் வாங்கியதற்கு மெயில் வருவதில்லையாம். அது ஏழெட்டு இருக்கும்.

மார்ச் 2, மாலை 5.30

'நேரம் போட்டால் எல்லாமே இலவசமாகக் கிடைக்குமே' என்று புதிதாக வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்கு உண்மையாக எரியும் இடத்தில் கை வைத்துவிட்டார்.

2017 நவம்பர், ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2. அது இலவச கேம்கூட இல்லை, முழு விலை கொடுத்து வாங்கியது. டார்த் வேடர் என்ற வில்லனாக ஆட, ஆடிச் சேர்க்கும் கிரெடிட் 60,000 வேண்டும். ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 40 மணி நேரம். ரெடிட்டில் முறையிட்டபோது, திறந்ததும் ஒரு பெருமிதமும் சாதித்த உணர்வும் வர வேண்டும் என்பதற்காகத்தான் என்று நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர்வாக்கு 6 லட்சத்துக்கும் மேல், கின்னஸில் ஏறியது. விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், வெளியீட்டுக்கு முந்தைய நாள் இரவு காசுக்கு வாங்கும் வசதியையே மூடினார்கள்.

ஆனால் எனக்கு அதை விட வலிக்கும் கதை அதே மாதம் டெஸ்டினி 2 என்ற கேமில் நடந்தது. அவ்வளவு பேருக்குத் தெரியாது. அங்கே எக்ஸ்பி (ஆட ஆடச் சேரும் அனுபவப் புள்ளி) சேர்ந்து லெவல் ஏறினால் ஒரு பெட்டி. அதே பெட்டியைக் காசுக்கும் வாங்கலாம். சிலர் காகிதத்தில் குறித்துக்கொண்டே ஆடிப் பார்த்தார்கள்: ஒரே வேலையை வேகமாகத் திரும்பச் செய்தால், திரையில் காட்டும் எண்ணில் பாதிகூடக் கணக்கில் ஏறவில்லை. வெளியே தெரிந்ததும் அந்தக் குறைப்பை எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். எடுத்தார்கள், அதே கையோடு ஒரு லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியை 80,000இலிருந்து 160,000 ஆக்கினார்கள். அதை அறிவிக்கவில்லை. அதையும் ஆட்டக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

என்னிடம் காசைக் கேளுங்கள், கொடுக்கிறேன் அல்லது மாட்டேன் என்கிறேன். என் இரவு வேளையை எடை போடும் தராசில் விரலை வைக்காதீர்கள். கேள்வி கேட்டவரே, உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் இதுதான். பையும் அதுதான், மூன்று விநாடியும் அதுதான்.

மார்ச் 3, காலை 7.50

நேற்று ரொம்ப சீரியஸாகிவிட்டது. ஈவ் ஆன்லைன் ஒற்றைக்கண்ணாடிக் கதை தெரியுமா? 2011 ஜூன். விண்வெளிக் கேம், கப்பல்தான் எல்லாம். அதில் உங்கள் ஆள் முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரே ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி, 60 டாலருக்கு மேல். கப்பலுக்கு வெளியே அந்த முகத்தைப் பார்க்க நாதியில்லை. கோபம் வந்த ஆட்டக்காரர்கள் ஜிட்டா என்ற சந்தை மண்டலத்தில் கூடி, அங்கிருந்த நினைவுச்சின்னத்தைச் சுற்றி நின்று சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சிலைக்கு ஒரு கீறல் விழவில்லை. ஆனால் அந்த அக்டோபரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

இரண்டு கண்ணுக்கும் என்றால் விலை என்ன வந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

மார்ச் 23, இரவு 10.20

மூன்று வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. இன்று வந்ததற்குக் காரணம், ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்து 21ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல். கேமுக்குள் விற்கும் பொருளுக்கு ஜெம் (கேமுக்குள் மட்டும் செல்லும் காசு) கணக்கோடு உண்மைப் பணத்திலும் விலை போட வேண்டும், வேண்டாத அளவுக்கு ஜெம் மூட்டையை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார்கள். புதுச் சட்டம் இல்லை, இருக்கும் சட்டத்தை இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது. ஜனவரியில் அமெரிக்காவில் கென்ஷின் வழக்கு 2 கோடி டாலர் அபராதத்தோடு முடிந்தபோதும் இதே மாதிரி ஒரு நிபந்தனை வந்தது: ஜெம்மில் பெட்டி விற்றால், நேராகப் பணத்திலும் வாங்க வழி வேண்டும்.

இதில் எனக்கு நேரடி சம்பந்தம் உண்டு. எங்கள் கேமில் பெட்டிக்கு 120 ஜெம். ஜெம் மூட்டை 1000. எட்டுப் பெட்டி திறந்தால் 960. மிச்சம் 40. அந்த 40க்குக் கடையில் ஒன்றுமே இல்லை, ஆக மலிவான சரக்கே 60. ஃபோர்ட்நைட்டின் முதல் பேட்டில் பாஸ் (ஒரு சீசன் முழுக்க ஆடிப் படிப்படியாகப் பரிசு பெற வாங்கும் சீட்டு) நாட்களிலும் இப்படித்தான், பாஸ் 950, மூட்டை 1000, கையில் 50 தொங்கும்.

இந்தக் 40 என்ன செய்யும் என்று கேட்டால், எதுவும் செய்யாது, உட்கார்ந்திருக்கும். ஆனால் கேமை அழிக்கலாம் என்று விரல் போகும்போது 'நாற்பது ஜெம் இருக்கே' என்று ஒரு எண்ணம் வரும் பாருங்கள், அதற்குத்தான் அது.

மார்ச் 24, காலை 8.00

ஆமாம், மூன்று மூட்டை வாங்கினால் மிச்சமெல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி வரும். அந்த யோசனையைச் சொன்னவர் கடைக்காரரின் மாமா பையனா?

ஏப்ரல் 11, இரவு 11.30

எப்போதோ வேறு ஒரு பேச்சில், லூட் பாக்ஸை (அந்தக் குலுக்கல் பெட்டியை) விட பேட்டில் பாஸ் மேல் என்று நான் எழுதியதை ஒருவர் தோண்டி எடுத்து ஒட்டியிருக்கிறார். எழுதினேன். அப்போது அதை நம்பினேன்: குலுக்கல் இல்லை, என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும், ஆடினால் கிடைக்கும். 2018இல் பெல்ஜியம் சில லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்று அறிவித்த பிறகு பெரிய கேம்கள் ஒவ்வொன்றாகப் பாஸுக்கு மாறியபோது நல்லகாலம் பிறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

போன மாதம் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். மூன்றாம் நாள் இரவு, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றும் நிலையில், போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தினசரி மிஷன் முடித்தேன்: பத்து மீன் பிடி, ஐந்து பீப்பாய் உடை. சீசன் முடிய ஆறு நாள், பாஸில் 83ஆவது படியில் நிற்கிறேன், நூறுக்குப் போக வேண்டும். மீன் பிடிப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்று அதற்குப் பெயர் விளையாட்டா?

பெட்டி என் காசை எடுத்தது. பாஸ் என்னிடம் காசு வாங்கிக்கொண்டு என்னை வேலைக்கும் வைத்துக்கொண்டது. எது மேல் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வேறு மாதிரி செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஹெல்டைவர்ஸ் 2இல் பாஸ் காலாவதி ஆவதில்லை, ஒரு வருடம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டீப் ராக் கேலக்டிக்கில் பாஸே இலவசம், தவறவிட்ட பொருளைப் பிறகும் ஆடிப் பெறலாம். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன.

மே 4, காலை 9.15

கணக்கை அழிக்க மனு போட்டுவிட்டேன். 30 நாள் காத்திருக்க வேண்டுமாம், இடையில் உள்ளே நுழைந்தால் மனு ரத்து.

மே 13, இரவு 11.40

ரத்து.

ஒன்பதாம் நாள் ஒரு மெயில்: 'உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது. 60 ஜெம் அன்பளிப்பு, 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொள்ளவும்.' 40ம் 60ம் 100. பெட்டி 120.

கணக்குப் போட்டுத்தான் அனுப்பினார்களா, தற்செயலா என்று அரை மணி நேரம் யோசித்தேன். யோசித்தது உள்ளே போன பிறகு.

மே 14, காலை 7.20

எல்லாரும் சிரித்து முடித்துவிட்டால் சொல்லுங்கள்.

ஜூலை 5, மாலை 6.50

ஐரோப்பாவில் 'கேம்களைக் கொல்லாதீர்கள்' மனுவுக்குப் 10 லட்சம் கையெழுத்து தாண்டிவிட்டது. விதை போட்டது தி க்ரூ என்ற கார் பந்தயக் கேம். காசு கொடுத்து வாங்கிய கேம்தான், 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தியதும் தனியாக ஆடவும் முடியாமல் போயிற்று. சர்வரை என்றைக்கும் ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவன் ஏதோ ஒரு வகையில் ஆடும்படி விட்டுவிட்டுப் போ என்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. கான்கார்ட் என்ற கேம் 2024 ஆகஸ்டில் வந்து இரண்டே வாரத்தில் மூடியது, வாங்கிய எல்லாருக்கும் முழுப் பணமும் திரும்பியது. ஓடாத கேமில் காசு போட்டவருக்குப் பணம் வந்தது. பத்து வருடம் ஓடி எல்லாரும் காசு போட்ட கேமில் ஒன்றும் வராது. இதை நியாயம் என்பதா அநியாயம் என்பதா? பத்து வருடம் ஆடினேனே என்றும் தோன்றுகிறது. டெஸ்டினி 2 ஆட்களைக் கேட்டால் இன்னொரு கதை சொல்வார்கள்: கேம் மூடவே இல்லை, காசு கொடுத்து வாங்கிய பழைய கதைப்பகுதிகளை மட்டும் 2020 நவம்பரில் உள்ளிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வீட்டை விற்றவர் பிறகு வந்து ஓர் அறையைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி.

என் வில் எந்த வருடம் போகுமோ.

ஜூலை 8, இரவு 10.05

இரண்டாவது மனு. இந்த முறை மெயிலையும் தடுத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 20, இரவு 11.25

கேள்வி கேட்டவர் கேட்கிறார்: 'அழித்தாயிற்றா?' அவரும் இப்போது நம்மோடு சேர்ந்து புலம்புவதைக் கவனித்தேன், அவர் பை நிரம்பிவிட்டதாம்.

இன்று பன்னிரண்டாம் நாள். நுழையவில்லை. ஆனால் கில்டு நண்பர் ஒருவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஆண்டுவிழாவாம். ஏழு நாள் தொடர்ந்து உள்ளே வந்தால் எல்லாருக்கும் ஒரு வில் இலவசம். நாணை இழுத்தால் மழைச் சத்தம் கேட்கும் வில். கீழே சிறிய எழுத்தில், இந்த வில்லை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஈடாக 20 ஜெம்.

நூறும் இருபதும் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.